நோயில்லாதவனின் குறிப்பேடு

நோயுற்றவன் தன் நோயை எண்ணி அஞ்சுவதில் வியப்பில்லை. நோயில்லை என்று வைத்தியரும் ஆய்வுகூடமும் எழுதிக் கையிற் கொடுத்த பின்னரும் அஞ்சுகின்ற ஒருவனை என்னென்று சொல்வது? அத்தகைய ஒருவனோடு ஓராண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தேன். அவன் பிறனல்லன், ஞாயிறுதோறும் இப்பகுதியில் உங்களோடு உரையாடிவரும் நானேதான்.

எனது மேசை இழுப்பறையில் நீலமட்டை போட்ட குறிப்பேடு ஒன்று இருக்கிறது. மாணாக்கரின் புள்ளிகளைப் பதிவதற்கென வாங்கியது. ஆனால் பதினான்கு மாதங்களாக அதிலே பதியப்பட்டு வந்தது என் குருதியிலுள்ள சீனியின் அளவே. காலையில் எழுந்ததும், தேநீர் அருந்துமுன், விரல் நுனியில் ஊசியாற் குத்தி, ஒரு துளி குருதியை மருந்து தோய்ந்த சிறு கீற்றொன்றில் ஏற்றுவேன். கடைகளில் இதனை ‘ஸ்ரிப்’ என்பர். குளுக்கோமீற்றர் என்னும் கையடக்கக் கருவி ஐந்து விநாடியில் இலக்கத்தைக் காட்டும். அதனை எழுதிக்கொள்வேன். 94, 97, 91, 99, 93, 98. பக்கம் பக்கமாக இவ்வாறே செல்கிறது. தெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. வெறுவயிற்றில் எடுத்த இவ்வளவுகள் நூற்றுக்கு உட்பட்டவை; எந்த வைத்தியரும் குறை சொல்ல இடமில்லாதவை.

ஆயினும் நான் குறை கண்டேன். நேற்று 93 ஆக இருந்தது இன்று ஏன் 98 ஆயிற்று? இரவு உண்ட பிட்டின் வினையோ? 98 என்பது நூற்றுக்கு எத்துணை அருகில் நிற்கிறது! 91 வந்த நாளிலோ மகிழ்வதை விடுத்துக் கருவி பழுதாயிற்றோ என ஐயுற்றேன். ஒருநாள் 103 வந்தது. அன்று முதலாம் பாடவேளையிற் பத்தாம் வகுப்புக்கு நான் என்ன கற்பித்தேன் என்பது எனக்கு நினைவில்லை. பிள்ளைகளுக்கும் நினைவிருக்கும் என்று தோன்றவில்லை.

இவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வருகின்ற ஆவணியில் எனக்கு 46 வயது நிறைகிறது. என் தந்தையாருக்குச் சலரோகம் இருப்பது தெரியவந்ததும் அவருடைய 46ஆம் வயதிலேயே. எங்கள் ஊரிலே சலரோகம் என வழங்குவதை ஏட்டிலே நீரிழிவு என்பர். இழிதல் என்றால் இறங்குதல், ஒழுகுதல். கிரேக்கர் இட்ட ‘டயபிற்றிஸ்’ என்ற பெயருக்கும் ஊடாக ஒழுகிச் செல்வது என்பதே பொருள். நெடுந்தொலைவிலிருந்த இருவேறு மக்கள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். நிற்க.

தந்தையார் சங்கக்கடை ஒன்றின் முகாமையாளர். 1988ஆம் ஆண்டு அவருடைய வலக்காலில் ஆணி குத்தியது. சிறு காயந்தான். ஐந்து கிழமை கடந்தும் ஆறவில்லை. பத்துப் போட்டார்கள், களிம்பு பூசினார்கள். இறுதியில் வைத்தியசாலைக்குச் சென்றபோது அங்கே சிறுநீரைச் சோதித்தார்கள். அதன் பின்னரே நோயின் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு எத்தனை ஆண்டு முன்னர் நோய் வந்திருந்தது என்பதை யாரும் அறியார். இரவில் மூன்று தரம் எழுந்து கிணற்றடிப் பக்கம் போவதையும், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதையும் நாங்கள் வெயிலின் கொடுமை என்றே எண்ணியிருந்தோம்.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்திற் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. குளிர்ப்பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் அலுமாரியே. தாயார் இன்சுலின் போத்தலை ஈரமணல் நிரப்பிய மட்பானையிற் புதைத்து வைப்பார். வீட்டிற் குருதியைச் சோதிக்கும் கருவியை நாங்கள் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. தந்தையாரின் சோதனையெல்லாம் பெனடிக்ற் கரைசலைக் கொண்டுதான். நீல நிறமான அக்கரைசலில் ஐந்து மில்லிலீற்றரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுத் துளி சிறுநீர் விட்டு, விளக்கிற் பிடித்துக் கொதிக்க வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் அரிதான காலம்; ஜாம் போத்தலில் விரற்கடை அளவு எண்ணெய் விட்டு எரித்த விளக்கே எங்களுக்குப் படிப்பு விளக்கும் சோதனை விளக்கும். குழாயின் அடி கரிபிடித்துவிடும். தந்தையார் அதனைத் துணியாற் துடைத்து என்னிடம் நீட்டி, “என்ன நிறம், தம்பி?” என்று கேட்பார். அவருக்கு அப்பொழுதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது.

நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் சிறிது. மஞ்சள், செம்மஞ்சள் என ஏறி, செங்கல் நிறம் வந்துவிட்டால் மிகுதி. பதினொரு வயதுச் சிறுவனாகிய நான் அக்குழாயை வெளிச்சத்திற் பிடித்து நின்ற கணங்கள் இன்றும் என்னுள் அப்படியே இருக்கின்றன. சில நாள் செங்கல் நிறத்தைக் கண்டும் “மஞ்சள்” என்று சொல்லியிருக்கிறேன். பின்னர் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, செப்பு அயனைக் குளுக்கோசு தாழ்த்துவதால் அந்நிறம் தோன்றுகிறது என்று எழுதிப் புள்ளி பெற்றபோதும், குழாய் சூடேறும் அந்த ஒரு நிமிடத்தின் அச்சத்துக்கு விடை எழுத இயலவில்லை.

1998இல் தந்தையாரின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டது. 2003இல் சிறுநீரகம் பழுதுற்றுக் காலமானார், வயது 61. அவருடைய தமக்கையாரான என் மாமி இதே நோயினால் இரு கண்ணும் இழந்தார். இனி என் குறிப்பேட்டைப் பார்த்து நகைப்பவர்கள் நகைக்கலாம்.

நகைப்புக்கு உரிய கட்டம் ஒன்று மெய்யாகவே வந்தது. சென்ற ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவு முடிந்து, கறுத்தக் கொழும்பான் மாம்பழம் மூன்றைத் தோல் சீவிப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தேன். நான் ஒரு துண்டும் உண்ணவில்லை. உண்ணாத பெருமையோடு, கையைத் துவாயில் துடைத்துவிட்டு, உணவுக்குப் பின் அளவு எவ்வாறிருக்கிறது என அறிவோமே என்று விரலைக் குத்தினேன். 211!

நாற்காலியிற் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். வந்துவிட்டது என்றே எண்ணினேன். அச்சத்தோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒருவித ஆறுதலும் தோன்றியது. எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்து கதவைத் தட்டியது போல. மனைவியாரிடம் ஒன்றும் சொல்லாது சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னாளில் உயர்தர வகுப்பில் என்னிடம் இரசாயனம் படித்தவர். நான் சொன்ன கதை முழுவதையும் பொறுமையோடு கேட்டார். பின்னர், “சேர், முதலிற் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்” என்றார். கழுவித் துடைத்து வந்ததும் அதே கருவியாற் குத்திப் பார்த்தார். 118.

“குத்துமுன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

“மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. மாணவன் ஆசிரியனுக்குச் செய்த மரியாதை அது. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றின் சீனியைக் கருவி என் குருதியின் சீனியாகக் கணக்கிட்டிருக்கிறது. பழத்திற் குளுக்கோசு உண்டு என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான்.

பின்பு என் குறிப்பேட்டைப் பற்றிக் கேட்டறிந்து, அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அதில் எனக்குப் பயன்பட்டவற்றை இங்கே தருகின்றேன். என்னைப் போல் இழுப்பறையிற் குறிப்பேடு வைத்திருப்போர் இவ்வூரில் இன்னும் சிலர் இருப்பர் என்பது என் துணிபு.

“அளக்கும் கருவி எதற்கும் வழு உண்டென்று எங்களுக்குக் கற்பித்தவர் நீங்கள். உங்கள் கருவிக்கு எவ்வளவு வழு என்று பார்த்தீர்களா?” என்றார். பார்த்ததில்லை. இத்தகைய கருவிகளுக்கென 2013இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமம் ஒன்றுண்டு. நூறு மில்லிகிராமுக்குக் கீழான அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, உண்மை அளவிலிருந்து 15 மில்லிகிராம் கூடியோ குறைந்தோ காட்டினும் அக்கருவி நல்ல கருவியே என்று அந்நியமம் ஏற்றுக்கொள்கிறது. அஃதாவது, 97 எனக் காட்டும்போது உண்மை 85 ஆகவும் இருக்கலாம், 110 ஆகவும் இருக்கலாம். நேற்றைய 93க்கும் இன்றைய 98க்கும் இடையில் நான் பதினான்கு மாதம் தேடிய பொருள் அங்கே இருக்கவேயில்லை! அக்கருவி நோயுள்ளவர் தம் மருந்தையும் உணவையும் சரிபார்த்துக்கொள்வதற்கு ஆனது. நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது நாளத்திலிருந்து குருதி எடுத்து ஆய்வுகூடத்திற் செய்யும் சோதனையே. அங்கும் வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தாலன்றி நீரிழிவு என்பதில்லை. நோயின் குறிகள் எவையும் வெளிப்படையாக இல்லாதவிடத்து, ஒரு முறை அவ்வாறு வந்தது போதாது. மீண்டும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

என்னை உலுக்கிய 103ஐப் பற்றியும் கேட்டேன். வெறுவயிற்றில் 110க்கு உட்பட்டதை உலக சுகாதார நிறுவனம் இயல்பு என்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமோ 2003இல் அக்கோட்டை 100க்கு இறக்கியது. ஆகவே ஒரே மனிதன் ஒரே காலையில் ஒரு கணக்கில் நலமுடையவன், மற்றைக் கணக்கில் எச்சரிக்கைக்கு உரியவன். 126 என்ற கோடும் அவ்வாறு இறக்கி வைக்கப்பட்டதே. 1997க்கு முன் அமெரிக்கர் அதனை 140 என்று வைத்திருந்தனர். கண்ணின் விழித்திரையிற் பழுது எந்த அளவிலிருந்து மிகுந்து காணப்படுகிறது என்பதை ஆராய்ந்து மனிதர் இட்ட கோடு அது. கோட்டுக்கு இப்பால் பால்வனமும் அப்பால் படுகுழியும் இருப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் அது மெல்லச் சரியும் நிலம்.

விடியற்காலையில் அளவு சிறிது ஏறுவதற்கும் காரணம் சொன்னார். எழுந்து நடமாட உடலை ஆயத்தஞ் செய்யும் ஓமோன்கள் புலருமுன்னரே சுரந்து, ஈரலிலுள்ள சீனியைக் குருதியில் விடச் செய்கின்றன. தூக்கம் குறைந்தாலும் ஏறும், தடிமன் காய்ச்சல் வந்தாலும் ஏறும், அஞ்சினாலும் ஏறும். ‘இன்று என்ன வருமோ’ என நெஞ்சு படபடக்க விரலை நீட்டுபவனுக்கு, அந்தப் படபடப்பும் இலக்கத்திற் சேரக்கூடும் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாளே ஆய்வுகூடத்திற் சோதிக்க ஒழுங்கு செய்தார். வெறுவயிற்றில் 93. ஈமோகுளோபினில் ஒட்டிய சீனியை அளக்கும் சோதனையில் நூற்றுக்கு 5.4. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், இச்சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். ஒருநாட் பட்டினியால் அதனை ஏமாற்ற இயலாது. 6.5 வந்தால் நீரிழிவு. இரத்தச்சோகை, தலசீமியா போன்றவை உடையோரில் இது பிழையாகக் காட்டக்கூடும். எனக்கு அவை இல்லை.

இவ்வளவும் அறிந்த பின்னரும் குறிப்பேட்டை நான் மூடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டுக் குத்தலானேன், அவ்வளவே. அறிவு ஒரு வழியும் பழக்கம் வேறு வழியுமாகச் சென்றன.

ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை குறிப்பேட்டைத் திறந்தபோது கடைசிப் பக்கத்தில் வேறொரு கையெழுத்தைக் கண்டேன். நேராகக் கோடிட்டு, திகதி எழுதி, அதன் கீழே 88, 84, 90 என மூன்று நாட் கணக்கு. ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் என் மகளின் எழுத்து. அழைத்துக் கேட்டேன். பிறர் பயன்படுத்திய ஊசியை எடுத்தாயோ என்று முதலில் வெகுண்டேன். புதிய ஊசி மாற்றித்தான் குத்தினாளாம். கையும் கழுவினாளாம். அதிற் பிழையில்லை.

“88 நல்லதோ, அப்பா?” என்று கேட்டாள்.

“மிக நல்லது. ஏன் குத்திப் பார்த்தாய்?”

“அப்பப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வருமெண்டுதானே நீங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறீங்கள்? உங்களுக்கு வந்தால் எனக்கும் வரும்தானே?”

ஆடிப்பிறப்புக்கு வார்த்த கூழை அவள் தொடாததை அப்பொழுதுதான் நினைத்துப் பார்த்தேன். பனங்கட்டி போட்ட கூழ் தனக்குப் பிடிக்காமற் போய்விட்டது என்று சொல்லியிருந்தாள், நாங்கள் நம்பினோம். நான் “மஞ்சள்” என்று சொன்ன பொய்யைத் தந்தையார் நம்பியது போலவே.

தந்தையாரிடமிருந்து எனக்கு எது வந்ததோ வரவில்லையோ, என்னிடமிருந்து மகளுக்கு ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டியதில்லை.

அன்றிரவு அவளை அருகில் இருத்தி, எனக்குத் தெரிந்ததை மறைக்காமற் சொன்னேன். “ஒன்றும் வராது” என்று சொல்லவில்லை, அது பொய். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று அமெரிக்காவின் பிராமிங்காம் நகரத்தாரைத் தலைமுறையாக ஆராய்ந்து 2000ஆம் ஆண்டிற் கண்டார்கள். வாய்ப்பு மிகுதி என்பது விதி என்பதாகாது. பின்லாந்து நாட்டில் 522 பேரைக் கொண்டு செய்து 2001இல் வெளியான ஆய்வில், உணவைத் திருத்தி, உடலை வருத்தி, எடையைக் குறைத்தவர்களில் நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. நம்மைப் போலவே சோறுண்பவரும் தமிழ் பேசுபவரும் வாழும் சென்னையில் 531 பேரைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான ஆய்வில் அக்குறைவு 28.5 பங்கு. பின்லாந்தைவிடக் குறைவுதான்; அதனையும் அவளுக்குச் சொன்னேன். ஆனால் இவ்விரண்டு ஆய்விலும் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே சீனியின் அளவு இயல்பு கடந்து நின்றவர்கள். என் மகளோ நானோ அவ்விடத்தை இன்னும் அடையவில்லை.

பேசிக்கொண்டிருந்தபோது எனக்கே ஒன்று புலப்பட்டது. இத்தனை நாளும் தந்தையாரின் 46ஆம் வயதை என் 46ஆம் வயதோடு ஒப்பிட்டு வந்தேன். அந்த ஒப்பு அடிப்படையிலேயே பிழையானது. தந்தையாருடைய முதற் சோதனை செங்கல் நிறம். அதற்கு முன் அவருக்குச் சோதனையே இல்லை. 93 என்றோ 5.4 என்றோ ஓர் இலக்கத்தை அவர் வாழ்நாளிற் கண்டதில்லை. நீல நிறமாகவே நின்ற குழாயை அவர் கையிற் கொடுக்கும் நாள் எனக்கு அரிதாகவே வாய்த்தது. நான் நாள்தோறும் ஐயுற்று, திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை கண்டு வந்த அந்த இலக்கம் அவருக்கு 1980இல் ஒருமுறை தெரிந்திருந்தால், அல்லது அது மெல்ல ஏறுவதை யாரேனும் கண்டு சொல்லியிருந்தால், அந்த ஆணிக்காயம் ஆறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவரைப் போன்றவர் இன்றும் பலர். நம் நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏழு மாகாணங்களில் நடந்த கணக்கெடுப்பில், வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் நீரிழிவு காணப்பட்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அன்றுதான் அதனை அறிந்தார்கள். வடக்கும் கிழக்கும் போரின் காரணமாக அக்கணக்கிற் சேரவில்லை. எங்கள் ஆசிரியர் அறையிலேயே நண்பர் ஒருவர் இருக்கிறார். தேநீருக்கு மூன்று கரண்டி சீனி. தாய் தந்தை இருவருக்கும் சலரோகம். வயிறு சட்டைப் பொத்தானோடு போராடுகிறது. சோதித்துப் பாருங்கள் என்றால், “சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதுவான்?” என்பார். அவருக்குக் குத்த வேண்டிய ஊசியையெல்லாம் நான் என் விரலிற் குத்தி வந்திருக்கிறேன்.

வைத்தியர் எனக்கு விதித்தது மிக எளிது. பெறுபேறு இயல்பாக இருப்போர்க்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆய்வுகூடச் சோதனை போதும் என்பது அமெரிக்கச் சங்கத்தாரின் விதி. என் குடும்பக் கதையைக் கருதி ஆண்டுக்கு ஒருமுறை. தாகம் மிகுந்தாலோ, சிறுநீர் அடிக்கடி போனாலோ, எடை காரணமின்றிக் குறைந்தாலோ, புண் ஆறாவிட்டாலோ ஆண்டு முடியும்வரை காத்திராது உடனே வர வேண்டும். இடுப்பளவு தொண்ணூறு சதமமீற்றருக்கு மேற் போகக் கூடாது, என்னுடையது 94. அவர் முகம் சுளித்த ஒரே இலக்கம் அதுதான்! நான் பதினான்கு மாதத்தில் ஒருமுறையும் அளக்காததும் அதுவே.

கருவியை வைத்தியரிடம் கொடுத்து, வேண்டிய நோயாளி யாருக்கேனும் கொடுக்கச் சொன்னேன். மாலைகளில் இப்பொழுது மகளும் நானும் கோயில் வீதியைச் சுற்றி நடந்து வருகிறோம். அரை மணி நேரம் என்பது பேச்சு வாக்கில் முக்கால் மணியாகிவிடும். சென்ற கிழமை விநாயகர் சதுர்த்தி மோதகத்தில் அவள் மூன்று தின்றாள்; நான் ஒன்று.

குறிப்பேட்டின் எழுதாத பக்கங்களில் மீண்டும் மாணாக்கர் புள்ளிகள் ஏறுகின்றன. அடுத்த சோதனைக்குரிய திகதியைச் சுவர் நாட்காட்டியில் மகளே வட்டமிட்டிருக்கிறாள். தைப்பொங்கல் கழிந்த இரண்டாம் கிழமை. கார்த்திகையில் வைக்கலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். தீபாவளியும் பொங்கலும் உள்ளடங்கிய மூன்று மாதக் கணக்குத்தான் உண்மையான கணக்கு என்று ஒரே பிடியாய் நிற்கிறாள்.